தகட்டில் எழுதிய மாகாணம்

ஒரு நாட்டின் அரசியலை அறிய விழைவோர் அதன் அரசியலமைப்பை மாத்திரம் படித்தல் போதாது. முத்திரை, நாணயத்தாள், வீதிப் பெயர்ப்பலகை, வாகன இலக்கத் தகடு என்பனவும் அரசின் கையெழுத்தைத் தாங்கியவையே. அவற்றுள் இலக்கத் தகடு தனித்தன்மை வாய்ந்தது. பெயர்ப்பலகை ஓரிடத்தில் நிற்பது. நாணயத்தாள் எவருடையதென்று சொல்லாது கைமாறுவது. இலக்கத் தகடோ உடைமையாளனோடு ஊர் ஊராகச் செல்வது. சென்றவிடமெல்லாம் அவனைப்பற்றி ஏதோவொன்றை முன்பின் அறியாதார்க்கும் அறிவிப்பது. அது எதனை அறிவித்தல் வேண்டும், எதனை அறிவித்தலாகாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இலங்கையில் 2000 ஆம் ஆண்டு அறிமுகமான புதிய பதிவு முறை, வாகன இலக்கத்தின் முன்னே மாகாணத்தைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகளை இட்டது. மேல் மாகாணம் ‘டபிள்யூ. பி.’ ஆயிற்று, மத்திய மாகாணம் ‘சி. பி.’, தென் மாகாணம் ‘எஸ். பி.’, வட மாகாணம் ‘என். பி.’, கிழக்கு மாகாணம் ‘ஈ. பி.’; வடமேல் ‘என். டபிள்யூ.’, வடமத்தி ‘என். சி.’, ஊவா ‘யூ. பி.’, சப்ரகமுவ ‘எஸ். ஜி.’. உடைமையாளரின் பதிவு முகவரி எம்மாகாணத்தில் உள்ளதோ அம்மாகாணத்தின் எழுத்துகளே தகட்டில் ஏறின. வாகனம் வேறொரு மாகாணத்தவர்க்கு விற்கப்படின் பழைய தகட்டைக் கையளித்துப் புதிய தகட்டைப் பெறுதல் வேண்டும். 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இவ்வெழுத்துகள் புதிய தகடுகளினின்றும் நீக்கப்பட்டன. தகடு மாற்றும் செலவும் தாமதமும் ஒழியும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அதற்கு மேல் எவரும் விளக்கம் அளிக்கவில்லை. கேட்போரும் பலராக இல்லை.

இதுபற்றி இருவகைக் கருத்துகள் நிலவக் காணலாம். ஒரு சாரார், இது வெறும் அலுவலக ஒழுங்கு, இரண்டு எழுத்துகள் போனதனால் எவர்க்கும் எதுவும் ஆகவில்லை என்பர். மற்றொரு சாரார், மாகாணத்தின் அடையாளம் அழிக்கப்பட்டுவிட்டது, நாடெங்கும் உலாவிய ‘என். பி.’ என்னும் எழுத்துகளோடு வட மாகாணத்தின் பெயரும் வீதியினின்றும் அகற்றப்பட்டது என வருந்துவர். இவ்விரு கருத்துகளும் தவறானவை. முன்னவர் தகட்டின் வரலாற்றை அறியார். பின்னவர் அடையாளத்தையும் அதிகாரத்தையும் ஒன்றெனக் கொண்டு மயங்குகின்றனர். தகட்டிலுள்ள பிரதேசக் குறி எந்தப் பிரதேசத்திற்கும் எவ்வித அதிகாரத்தையும் வழங்குவதில்லை. அப்பிரதேசத்தவனை நிறுத்திக் கேட்க விரும்புபவனுக்கே அது அதிகாரம் வழங்குகின்றது. எனவே குறி நீங்கியமை வரவேற்கத்தக்கது. ஆனால் எக்காரணத்தைக் காட்டி அது நீக்கப்பட்டதோ அக்காரணம் போதாது.

முதலில் தகட்டின் பணி யாதென நோக்குதல் தகும். ஒரு வாகனத்தைப் பிறிதொரு வாகனத்தினின்றும் பிரித்தறிதலே அதன் பணி. விபத்தை விளைவித்து ஓடியவன் யார், களவுபோன வண்டி எது, வரி செலுத்தாதவன் எவன் என்பவற்றைக் கண்டறிய ஓர் இலக்கம் தேவை. அவ்விலக்கம் நாட்டில் ஒன்றே ஒன்றாக இருப்பின் அதுவே போதும். இலங்கையின் முறையில் மாகாண எழுத்துகளை அடுத்துவந்த தொடரெழுத்தும் நான்கு இலக்கங்களும் நாடு முழுவதற்கும் பொதுவானவை. மேல் மாகாணத்தில் ஓரிலக்கம் வழங்கப்பட்டபின் அதே இலக்கம் தென் மாகாணத்தில் வேறொரு வண்டிக்கு வழங்கப்படவில்லை. வண்டி மாகாணம் மாறியபோதும் முன்னிரு எழுத்துகளே மாறின; இலக்கம் மாறவில்லை. இதன் பொருள் யாது? வாகனத்தை இனங்காணுவதற்கு மாகாண எழுத்துகள் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை என்பதே. குற்றப் புலனாய்வுக்கு அவை இன்றியமையாதவை என வாதிப்போர் இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர். பொலிசாருக்கு வேண்டிய முகவரி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கின்றது. அது தகட்டில் இருக்க வேண்டியதில்லை.

அவ்வாறாயின் அவ்வெழுத்துகள் எதனை உணர்த்தின? வண்டி ஓடும் இடத்தையா எனின், அன்று. கொழும்பில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் லொறி ஆண்டு முழுவதும் கிளிநொச்சியில் மண் ஏற்றினும் அது மேல் மாகாண வண்டியே. உடைமையாளன் பிறந்த இடத்தையா எனின், அதுவும் அன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து தெகிவளையில் வாழ்பவனின் வண்டியில் மேல் மாகாண எழுத்துகளே இருந்தன. ஒரு கடுதாசியில் எழுதப்பட்ட முகவரி எந்த எல்லைக்குள் வருகின்றது என்பதனை மாத்திரமே அவை உணர்த்தின. ஆயினும் வீதியில் அதனைப் பார்ப்பவன் இவ்வேறுபாடுகளை ஆராய்வதில்லை. எழுத்தைக் கண்டவுடனே வண்டிக்குள் இருப்பவன் இன்னான் என அவன் முடிவு செய்துவிடுகின்றான். அரைகுறையான செய்தி முழுமையான சந்தேகமாக மாறுவது இவ்விடத்திலேயே.

இந்தியாவில் நிகழ்ந்த ஒன்றை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அங்கு தகட்டின் முதலிரு எழுத்துகள் மாநிலத்தைக் குறிப்பன. தமிழ்நாட்டு வண்டிக்கு ‘டி. என்.’, கருநாடக வண்டிக்கு ‘கே. ஏ.’. 2016 செப்டெம்பரில் காவிரி நீர்ப் பங்கீடு தொடர்பான உயர்நீதிமன்ற ஆணையை அடுத்துப் பெங்களூரில் கலவரம் மூண்டது. ஆணையிட்டது இந்திய உயர்நீதிமன்றம்; நீரைக் கேட்டது தமிழ்நாட்டு அரசு. எரிந்தனவோ தமிழ்நாட்டுப் பதிவெழுத்துத் தாங்கிய பேருந்துகளும் லொறிகளும். மறுபுறத்திலே தமிழ்நாட்டில் கருநாடக எழுத்துத் தாங்கிய வண்டிகள் தாக்கப்பட்டன. கலகக்காரன் எவனும் சாரதியின் மொழியையோ கட்சியையோ வினவவில்லை. வினவ வேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை. அரசே இரண்டு எழுத்துகளில் விடையை முன்னும் பின்னும் எழுதிவைத்திருந்தது. பகையை உண்டாக்கியது தகடன்று என்பது மெய்யே. ஆனால் பகைக்கு இலக்கினைத் தெரிந்து கொடுத்தது தகடேயாகும்.

இவ்வுண்மையைப் போரின் வழியே கற்றுக்கொண்ட நாடு பொஸ்னியா. 1992 முதல் 1995 வரை நிகழ்ந்த போரின் முடிவில் அந்நாடு இரண்டு அலகுகளாக வகுக்கப்பட்டது. போர் நின்றது; எல்லைக்கோட்டைக் கடந்து செல்ல மக்கள் அஞ்சினர். ஒவ்வொரு தரப்பும் தனக்கெனத் தகடு வைத்திருந்தமையால், மறுபக்கம் செல்லும் வண்டி தான் எவருடையதென்பதைத் தானே பறைசாற்றிச் சென்றது. 1998 இல் சர்வதேச உயர் பிரதிநிதியின் தலையீட்டினால் நாடு முழுவதற்கும் ஒரே தகடு கொண்டுவரப்பட்டது. அதில் இடத்தைக் குறிக்கும் எதுவும் இல்லை. அதுமட்டுமன்று, இலத்தீன் வரிவடிவிலும் சிரில்லிக் வரிவடிவிலும் ஒன்றுபோல எழுதப்படும் ஏழு எழுத்துகளே அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. எழுத்தின் வடிவங்கூட இனத்தைக் காட்டிக்கொடுத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து. புதிய தகடு வந்தபின் கோட்டைக் கடந்த வண்டிப் போக்குவரத்துப் பெருகியது. உடன்படிக்கை ஏட்டில் எழுதியிருந்த நடமாடும் உரிமையை வீதியில் மெய்ப்பித்தவற்றுள் இத்தகடும் ஒன்று. அங்கு அதனை அலுவலக வசதி என்று எவரும் கூறவில்லை. மனித உரிமை என்றே கூறினர்.

இலங்கையின் அனுபவம் இதற்குக் குறைந்ததன்று. தகட்டில் இருப்பது வெறும் எழுத்தே என்போர் 1958 ஆம் ஆண்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தின்பின், அதுவரை ஆங்கில எழுத்துத் தாங்கியிருந்த தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ இடம்பெறலாயிற்று. தந்தை செல்வநாயகத்தின் தலைமையிலான தமிழரசுக் கட்சியினர் அதனை எதிர்த்துத் தமிழ் ‘ஸ்ரீ’ பொறித்த தகடுகளோடு வண்டி ஓட்டினர், தமிழ்ப் பகுதிகளுக்கு வந்த பேருந்துகளின் சிங்கள எழுத்தின்மீது தார் பூசினர், சிறையும் சென்றனர். தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மீது தார் பூசப்பட்டது. 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலிற் கைவிடப்பட்டபோது, இப்போராட்டமும் அதற்குச் சாட்டாகக் காட்டப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ‘ஸ்ரீ’ என்பது வடமொழிச் சொல். இரு மொழியினரும் மங்கலமெனக் கொண்டு வழங்குவது. சொல் பொதுவாயிருந்தும் எழுதிய எழுத்து எவருடையது என்பதே சண்டையாயிற்று. வண்டியின் உடைமையாளன் தன் விருப்பத்தால் எழுதாத ஓர் எழுத்தை அரசு அவன்மீது ஏற்றியது என்பதே அன்றைய எதிர்ப்பின் அடிப்படை. பின்னாளில் ‘ஸ்ரீ’ வரிசை முடிவுற்று, இடையே சிறுகோடு இட்ட இலக்கங்கள் மாத்திரம் வழங்கப்பட்டன. அக்காலத்திற் பதிவான வண்டிகளின் தகட்டில் மொழியும் இல்லை, இடமும் இல்லை. அதனால் பதிவு முறை குழம்பியதாக எவரும் முறையிட்டதில்லை.

மொழியைத் தகட்டினின்றும் நீக்கிய அரசு 2000 இல் இடத்தை அதில் ஏற்றியது. அது எக்காலம் என்பதை மறத்தலாகாது. அது போர்க்காலம், சோதனைச் சாவடிகளின் காலம். ஒருவன் எவ்விடத்தவன் என்பதே அவனைப்பற்றிய முதல் வினாவாக இருந்த காலம். தேசிய அடையாள அட்டையும் அவ்வினாவுக்கு விடையளித்தது. 2014 இல் இருமொழி அட்டை சகலருக்கும் உரியதாகும்வரை, வடக்குக் கிழக்கில் வழங்கிய அட்டையிலே தமிழும் சேர்ந்திருந்தது. ஏனைய இடங்களில் வழங்கியதிற் சிங்களம் மாத்திரமே இருந்தது. அட்டையைப் படிக்கும் முன்னரே அதன் எழுத்தைப் பார்த்து ஆளை அறியலாம். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 300 இற்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வடக்கு நோக்கி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒவ்வொருவனுக்கும் உரியதோர் ஊர் உண்டு, அவ்வூரில் இருக்க வேண்டியவன் ஈண்டு எதற்கு வந்தான் என்னும் சிந்தனையே அச்செயலின் வேர். மாகாண எழுத்துத் தாங்கிய தகடும் வாசிப்பவனுக்கு அதே சிந்தனையைப் புகட்டுவது. ‘நீ எவ்விடத்து வண்டி, இவ்விடத்து எதற்கு வந்தாய்’ என்று வினவ அது கற்றுக்கொடுக்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தகட்டில் இடக்குறி இல்லாதிருந்த காலத்திலும் சோதனை நடந்ததே. 1983 இல் வண்டிகளை மறித்தவர் மாகாண எழுத்தைப் பார்த்தா மறித்தனர் என்பதே அம்மறுப்பு. உண்மையே. குறி நீங்கினாற் சந்தேகமும் நீங்கிவிடும் என எண்ணுவது பேதைமை. பெயர், பேச்சு, பொட்டு, அட்டை எனச் சந்தேகத்திற்கு வழிகள் பல. ஆயினும் தீங்கிற்கு வழிகள் பல உள என்பது அவற்றுள் ஒன்றை அரசே திறந்துவைத்தற்கு நியாயமாகாது. பெயரும் பேச்சும் மனிதனோடு பிறந்தவை. அவற்றை மாற்றுக எனக் கேட்பது அநீதி. தகடு அரசு செய்து கொடுப்பது. சட்டத்தின் வலியால் மாட்டச் செய்வது. தான் செய்யும் பொருளில் எதனை எழுதுவது என்பதற்கு அரசு மறுமொழி சொல்லியே ஆகல் வேண்டும்.

வேறொரு மறுப்பு ஐரோப்பாவிலிருந்து வருவது. ஜேர்மனியில் ஒவ்வொரு மாவட்டமும் தகட்டில் தன் எழுத்தைப் பெருமையோடு தாங்குகின்றது. ஹம்பேர்க் நகரம் தன் பழைய வணிகச் சங்கப் பெருமையையுஞ் சேர்த்து ‘எச். எச்.’ என எழுதுகின்றது. மாவட்டங்கள் ஒன்றிணைக்கப்பட்டபோது மறைந்த எழுத்துகளை மீண்டும் வழங்க 2012 இல் வழி செய்யப்பட்டது. மக்கள் அவற்றை விரும்பிப் பெற்றனர். பிரான்சிலும் 2009 இல் புதிய தகடு வந்தபோது மாவட்ட இலக்கத்தை நீக்கலாகாதெனப் பாராளுமன்ற உறுப்பினர் பலரே போராடினர். இவற்றைக் காட்டி, ஊரெழுத்தை மக்கள் நேசிக்கின்றனர், அதனை ஏன் பறிக்க வேண்டும் எனக் கேட்போர் உளர்.

இவ்விரு நாடுகளும் அதன்பின் செய்ததையும் சேர்த்து நோக்கினால் அக்கேள்விக்கு விடை கிடைக்கும். பிரான்ஸ் மாவட்ட இலக்கத்தைத் தகட்டின் ஓரத்தில் வைத்திருந்தது. ஆனால் எந்த மாவட்டத்தை எழுதுவது என்பதை உடைமையாளனின் விருப்பத்திற்கு விட்டது. பாரிசில் வாழ்பவன் கோர்சிக்காத் தீவின் இலக்கத்தைப் பூண்டு செல்லலாம். பலர் அவ்வாறு செய்கின்றனர். வாகனத்தை இனங்காட்டும் இலக்கத்தில் ஊருக்கு இடமில்லை. ஜேர்மனியில் 2015 முதல் வேறு மாவட்டத்திற்குக் குடிபெயர்பவன் தன் பழைய தகட்டை வைத்திருக்கலாம். ஆகவே இரண்டு நாடுகளிலும் ஊரெழுத்து, விசாரிப்பவனின் கருவி என்னும் நிலையினின்றும் பூணுபவனின் அணி என்னும் நிலைக்கு மாறிவிட்டது. மேலும், மியூனிச்சின் எழுத்துத் தாங்கிய வண்டி ஹம்பேர்க்கில் நிற்கும்போது அதன் சாரதி எதற்கும் அஞ்ச வேண்டியதில்லை. அச்சமில்லாத நாட்டில் ஊரெழுத்து ஒரு விளையாட்டு. அச்சம் நிலவிய நாட்டில் அது நெற்றியில் எழுதிய எழுத்து. ஒன்றன் இன்பத்தைக் காட்டி மற்றொன்றன் துன்பத்தை மறைத்தல் நேர்மையாகாது.

இனி, மாகாணத்தின் அடையாளம் அழிந்ததே என வருந்துவோரின் வாதத்திற்கு வருவோம். 13 ஆவது திருத்தம் 1987 இல் மாகாண சபைகளை ஏற்படுத்தியது. மாகாணங்களுக்கு ஒதுக்கிய விடயங்களுள் மோட்டார் வாகன அனுமதிக் கட்டணமும் ஒன்று. ஆண்டுதோறும் பிரதேச செயலகத்திற் செலுத்திப் பெறும் வருமான அனுமதிப்பத்திரமே அது. அதன் பணம் மாகாணத்திற்குச் செல்வது. வாகனத்தைப் பதிவதோ மத்திய அரசின் திணைக்களம். இலக்கம் வழங்குவதும் தகடு வழங்குவதும் அத்திணைக்களமே. எனவே மாகாண எழுத்தை எழுதியது மாகாணமன்று. எழுதும்போதும் மாகாணத்தைக் கேட்கவில்லை, அழிக்கும்போதும் கேட்கவில்லை. மாகாணத்திற்கு உண்மையில் உரியதான அனுமதிக் கட்டணம், எழுத்து இருந்தபோதும் இருந்தது. எழுத்துப் போனபின்னும் போய்விடவில்லை.

இவ்விடத்தில் ஆண்டுகளைச் சற்றுக் கணக்கிடுதல் பயன்தரும். 2000 இல் மாகாண எழுத்துகள் வந்தபோது வடக்கிலோ கிழக்கிலோ மக்களாற் தெரிவுசெய்யப்பட்ட மாகாண சபை இருக்கவில்லை. கிழக்கில் 2008 மே மாதத்திலும் வடக்கில் 2013 செப்டெம்பரிலுமே தேர்தல் நடந்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. மாகாண எழுத்துகள் நீக்கப்பட்டபோது நாட்டில் எந்த மாகாணத்திலும் தெரிவுசெய்யப்பட்ட சபை இருக்கவில்லை. எழுத்துமுறை நிலவிய இருபத்துமூன்று ஆண்டுகளுள் வட மாகாண மக்களின் சபை இயங்கிய காலம் ஐந்தே ஆண்டுகள். அச்சபை இயங்கிய காலத்திலும் காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் ஏட்டளவிலேயே நின்றன. சபை இல்லாத மாகாணத்திற்குத் தகட்டில் எழுத்து மாத்திரம் இருந்தது. இதனை அடையாளம் எனக் கொண்டாடியோர், வெறும் இலையைப் போட்டுவிட்டு விருந்து வைத்ததாகச் சொல்பவனை நம்பியோரே ஆவர். இப்பொழுது இலையையும் எடுத்துவிட்டனர். இலை போனதற்கு அழுவோர், சோறு எங்கே என்று அன்று கேட்டிருத்தல் வேண்டும்.

அவ்வாறாயின் 2023 இன் முடிவைப் பாராட்டி அமைதல் போதுமா எனின், போதாது. செலவையும் தாமதத்தையும் காரணங் காட்டி நீக்கியதை, நாளை வேறொரு வசதியைக் காரணங் காட்டி மீண்டும் கொண்டுவரலாம். குற்றத் தடுப்பு, வரி வசூல், எரிபொருட் பங்கீடு என அதற்குச் சாட்டுகள் எளிதிற் கிடைக்கும். ஒரு குடிமகன் நாட்டின் எந்த வீதியிலும் தன் ஊரை அறிவியாது செல்லும் உரிமை உடையவன் என்பது கொள்கையாக ஏற்கப்படாதவரை, நீக்கியவர் கையே மீண்டும் எழுதக்கூடும். பொஸ்னியாவில் தகட்டை மாற்றியவர்கள் எதற்காக மாற்றுகின்றோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே மாற்றினர். இலங்கையிலோ காரணம் சொல்லப்படாமையால், அவ்வெழுத்துகள் விளைவித்த தீங்கு என்ன என்னும் கேள்வியும் கேட்கப்படாமலே போயிற்று. கேட்கப்படாத கேள்வி தீர்ந்துபோன கேள்வியாகாது.

2020 முதல் 2025 இன் தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி பெரிதும் தடைப்பட்டிருந்தமையால், மாகாண எழுத்துத் தாங்கிய பழைய தகடுகள் வீதிகளில் இன்னும் நெடுங்காலம் ஓடும். அவை ஓடும்வரை இரு கடமைகள் எஞ்சியுள்ளன. வண்டியின் தகட்டைப் பார்த்து ஆளை மதிப்பிடும் பழக்கத்தைக் காவலனும் பொதுமகனும் கைவிடுதல் ஒன்று. வாகனப் பதிவில் மொழி, இடம், இனம் ஆகியவற்றைக் காட்டும் குறி எதுவும் இடம்பெறலாகாது எனச் சட்டத்திலேயே எழுதுதல் மற்றொன்று. மாகாணத்தின் பெயரை நிலைநாட்ட விரும்புவோர் அதனைத் தகட்டில் தேட வேண்டியதில்லை. நடத்தப்படாத தேர்தலிலும், கையளிக்கப்படாத காணியிலும், மாகாணத்திற்கு வரவேண்டிய நிதியிலும் தேடட்டும். மாகாணம் என ஒன்று மெய்யாகவே இருக்குமாயின், அதனை அறிவிக்க வண்டியின் முன்னும் பின்னும் இரண்டு எழுத்துகள் வேண்டியிரா.